இன்ஜின் மேல் பழி போடும் முன்

மெரினா லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்தில் தொடங்கிப் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் வரை ஒரு வரிசை; அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் இன்னொரு வரிசை. தென்சென்னைக் கரையில் மணலில் ஏற்றி நிறுத்திய ஃபைபர் படகுகளைப் பார்க்காமல் யாரும் கடலைப் பார்த்துவிட முடியாது. 2004 சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் அவை கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தன. அந்தத் தலைமுறைப் படகுக்கு இன்று இருபது வயது. ஃபைபர் உடல் ஒருவர் கையிலிருந்து வந்திருக்கும், இன்ஜின் வேறொருவரிடம் வாங்கியதாக இருக்கும், புரொப்பல்லர் கிடைத்ததைப் போட்டதாக இருக்கும். அப்படிப்பட்ட படகில் வரும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "இன்ஜின் முன்ன மாதிரி இழுக்கல." அடுத்த வேலை ஸ்பானரை எடுத்து இன்ஜினைப் பிரிப்பது. இந்த வரிசைதான் தப்பு என்பது என் வாதம். பழைய மோட்டார் படகில் பழுது தேடுகிறவர் முதலில் அளக்க வேண்டும். இரண்டாவதாக இன்ஜினுக்கு வெளியே தேட வேண்டும். இன்ஜினின் வயிற்றைத் திறப்பது கடைசியில்தான் வர வேண்டும். இதற்கு நியாயம் பணச் சிக்கனம் மட்டுமல்ல, படகு இயங்கும் இயற்பியலே இதைத்தான் சொல்கிறது.

காருக்கும் படகுக்கும் உள்ள முதல் வேற்றுமை கியர்பாக்ஸ். காரில் சுமைக்கு ஏற்ப கியரை மாற்றிக்கொள்ளலாம். படகு இன்ஜினில் முன்னே, பின்னே, நடுநிலை என்ற மூன்றுதான் உண்டு. இழுவைக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை நிரந்தரமாக முடிவு செய்துவிடுவது புரொப்பல்லரின் விட்டமும் அதன் இலைகளின் திருகுச் சரிவும்தான். சரிவு அதிகமான புரொப்பல்லரைப் பூட்டிய படகு, கோடம்பாக்கம் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறப் பார்க்கும் ஆட்டோவைப் போலத் திணறும். இன்ஜினில் குறையே இருக்காது. இதோடு ஒரு கணக்கும் சேர்கிறது. புரொப்பல்லர் விழுங்கும் சக்தி, அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ விகிதமாக ஏறுகிறது. சுழற்சியை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால் சக்தி சுமார் 33 சதவீதம் கூடுதலாகத் தேவை. ஆகவே இன்ஜின், புரொப்பல்லர், படகின் உடல் மூன்றும் ஏதோ ஒரு சுழற்சி எண்ணில் சமரசம் செய்துகொண்டு நிற்கின்றன. அந்த எண்ணைப் பார்க்காமல் மூன்றில் ஒன்றைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

கடல் இயந்திரவியல் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைனால் ஓடும் 'டர்பினியா' என்ற சிறு கப்பலைக் கட்டி 1894-இல் சோதித்தார். எதிர்பார்த்த வேகத்தில் பாதியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது; 20 நாட் கூட வரவில்லை. புத்தம் புது வகை இன்ஜின் என்பதால் பழி டர்பைன் மேல் விழுவதுதான் இயல்பு. பார்சன்ஸ் முதலில் அதைப் பிரிக்கவில்லை. டர்பைனிலிருந்து தண்டுக்குப் போகும் முறுக்குவிசையை அளக்க ஒரு கருவி செய்தார். சக்தி சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதை வீணடித்தது புரொப்பல்லர். மிக வேகமாகச் சுழன்றதால் இலைகளின் முதுகில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழிகளாகியது. புரொப்பல்லர் நீருக்குப் பதில் குமிழிகளைப் பிசைந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தண்டை மூன்றாக்கி, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர்களைப் பூட்டியபின், 1897-இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் அதே கப்பல் 34 நாட் வேகத்தில் பாய்ந்தது. அவர் அளக்காமல் பிரித்திருந்தால், இல்லாத குறையை டர்பைனுக்குள் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

நம் கரைப் படகுக்கு முறுக்குவிசைக் கருவி வேண்டாம். பிளக் வயரில் சுற்றி வைத்தால் போதும் என்ற அளவுக்கு எளிய சுழற்சிமானிகள் இன்று கிடைக்கின்றன. வழக்கமான சுமையோடு, அமைதியான கடலில், ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து சுழற்சியைப் பாருங்கள். ஒவ்வோர் இன்ஜினுக்கும் தயாரிப்பாளர் ஒரு வரம்பு சொல்லியிருப்பார். நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்பது பரவலான வரம்பு. அதற்கு மேலே ஏறிவிடுகிறது, ஆனால் படகு நகரவில்லை என்றால் சக்தி இருக்கிறது, தண்ணீரைப் பிடிக்கும் இடத்தில்தான் வழுக்கல். வரம்பைத் தொடவே இல்லை என்றால் ஒன்று சுமை அதிகம், இல்லை சக்தி குறைவு. முன் சொன்ன மூன்று பேரில் யாரை முதலில் விசாரிப்பது என்பது இந்த ஒரே அளவில் தெரிந்துவிடுகிறது. புரொப்பல்லரின் சரிவை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரத்தை, ஒரு அங்குலம் குறைத்தால் சுழற்சி சுமார் 150 முதல் 200 வரை ஏறும் என்பது பட்டறைக்காரர்கள் நம்பும் கணக்கு. ஆக, 400 சுற்று குறைவு என்றால் அதை புரொப்பல்லர் மாற்றியே சரி செய்துவிடவும் வாய்ப்புண்டு.

முதலில் வழுக்கலை எடுத்துக்கொள்வோம். அவுட்போர்டு புரொப்பல்லர் பலவற்றின் நடுவில் தண்டைப் பிடிக்கும் உலோகக் குழலுக்கும் இலைகளைத் தாங்கும் வெளிக்குழலுக்கும் இடையே ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. பாறையிலோ மணல் திட்டிலோ அடிபட்டால் கியர் உடையாமல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. வயதான ரப்பர் பிடி விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை. உள்குழல், ரப்பர், வெளிக்குழல் மூன்றையும் குறுக்கே வெட்டும்படி பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு, கடலுக்குள் ஒரு முறை முழு வேகத்தில் ஓட்டித் திரும்ப வேண்டும். கோடு முறிந்து உள்ளொன்றும் வெளியொன்றுமாக விலகியிருந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். கோடு நேராகவே இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் மேற்பரப்புக் காற்றை புரொப்பல்லர் உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பல்லருக்குச் சற்று மேலே படுக்கையாக இருக்கும் தட்டு, படகின் அடிப்பலகை மட்டத்தை ஒட்டியோ ஓரிரு அங்குலம் மேலேயோ இருப்பதுதான் பொதுவான பொருத்தம். அதைவிட உயரத்தில் இன்ஜினை மாட்டியிருந்தாலோ, சாய்வு தப்பியிருந்தாலோ காற்று உள்ளே இறங்கும். இங்கே புகுவது வெளிக்காற்று. டர்பினியாவில் உண்டானது நீரின் சொந்த ஆவி. கரையில் இரண்டும் ஒன்றாகப் பேசப்பட்டாலும் மருந்து வேறு.

சாய்வு என்றதும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டோம். இன்ஜினின் கால் செங்குத்துக்கு எவ்வளவு கோணத்தில் நிற்கிறது என்பதை ட்ரிம் என்கிறார்கள். கால் உள்பக்கம் ஒட்டியிருந்தால் உந்துவிசை அணியத்தை நீரில் அழுத்தும். படகு தலை குனிந்து, சுக்கான் கனத்து, தண்ணீரை உழுதுகொண்டு போகும். வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் அணியம் தூக்கும். அளவு மீறினால் தூக்கித் தூக்கிப் போட்டுத் தாளகதியில் குதிக்கும். சிறிய அவுட்போர்டில் இதை மாற்ற ஒரு கம்பியும் வரிசையாகச் சில துளைகளும்தான். ஆனால் கோணம் இன்ஜினை மட்டும் பொறுத்ததல்ல, படகின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. வலையும் ஐஸ் பெட்டியும் பெட்ரோல் டேங்கும் பின்னால் குவிந்திருந்தால், சரியாக மாட்டிய இன்ஜினும் தப்பான கோணத்தில்தான் தள்ளும். போகும்போது ஒரு நடை, மீனோடு திரும்பும்போது வேறு நடை என்றால் கோளாறு இன்ஜினில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாரத்தை முன்னே நகர்த்துவதுதான் பழுது பார்ப்பு. படகு ஓயாமல் ஒரு பக்கம் இழுத்தால் புரொப்பல்லருக்குப் பின்மேலே தொங்கும் சிறு துடுப்பைக் கவனிக்க வேண்டும். படகு வலப்பக்கம் இழுக்கிறது என்றால் அதன் பின்விளிம்பை வலப்பக்கமே சற்றுத் திருப்பினால் சமன்படும். பல இன்ஜின்களில் அந்தத் துடுப்பு துத்தநாகத்தால் ஆனது; உப்புநீர் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அலுமினிய உடலைக் காப்பதும் அதன் பொறுப்பு. பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் கரையாமல் பளிச்சென்று இருந்தால் மகிழக் கூடாது. யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள், அல்லது அதற்கும் இன்ஜினுக்கும் மின்தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் சாய்வுப் பிரச்சினைக்குச் சென்னைக் கரை தரும் தீவிரம் தனி. இங்கே துறைமுகத்துக்குள் இருப்பவற்றைத் தவிர மற்ற சிறு படகுகள் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். கடைசிச் சில மீட்டரில் புரொப்பல்லரைத் தூக்கியே ஆக வேண்டும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் தொடங்கியது. மயிலாப்பூரை ஒட்டிய அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் அதன் அலுவலகம் இருந்தது. அந்தத் திட்டத்தின் பொறியாளர்கள் 1980-களில் கரையேறும் படகுகளை வடிவமைத்தபோது முட்டி மோதியது இந்தச் சிக்கலோடுதான். டீசல் இன்ஜின், தண்டு, புரொப்பல்லர் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் வைத்து, ரப்பர் உறையால் நீர் புகாமல் மூடி, மொத்தமாகத் தூக்கி இறக்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். கரையில் பரவலாக நிலைத்த தீர்வு அதைவிட எளியது: காற்றால் குளிரும் சிறு டீசல் இன்ஜின் படகுக்குள் இருக்க, நீண்ட தண்டு பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால் மோட்டார். கைப்பிடியை அழுத்தினால் புரொப்பல்லர் நீருக்கு மேல் வந்துவிடும். அங்கே சாய்வை முடிவு செய்வது ஓட்டுகிறவர் கையே. அதனால் வால் மோட்டாரில் "இழுக்கல" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேய்ந்த தாங்கு முனையையும் வளைந்த தண்டையும். புகையின் நிறமும் பேசும்: கறுப்பு என்றால் சுமை மிகுதி அல்லது காற்று போதவில்லை; நீலம் என்றால் ஆயில் எரிகிறது; சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. இரண்டு நிறங்கள் இன்ஜினைக் காட்டுகின்றன, கறுப்பு மட்டும் பெரும்பாலும் வெளியே கைகாட்டுகிறது.

பொழுதுபோக்குப் படகுகளில் இந்தத் தூக்கும் வேலையைச் செய்வது பொத்தானை அழுத்தினால் இயங்கும் ஹைட்ராலிக் ட்ரிம். பழைய படகு வாங்குகிறவர்கள் இது நின்றுபோனால் முழு பம்ப்பையும் மாற்றச் சொல்லிக் கேட்டுப் பயந்துபோகிறார்கள். இதையும் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் அணுகினால் பயம் பாதியாகும். பொத்தானை அழுத்தினால் 'கிளிக்' சத்தமே இல்லையென்றால் பியூஸ், பொத்தான், வயர். 'கிளிக்' மட்டும் வந்து மோட்டார் சுழலவில்லையென்றால் பேட்டரி, களிம்பேறிய இணைப்பு, ரிலே. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி ரிலே இருக்கும் வகையில், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் கோளாறும் இடம் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். மோட்டார் சுழன்றும் கால் அசையவில்லையென்றால் ஆயில் குறைவு, அல்லது கையால் தூக்குவதற்கென வைத்திருக்கும் திருகு திறந்து கிடக்கிறது. ஏறிய கால் இரவோடு இரவாகத் தானே இறங்கியிருந்தால்தான் உள் சீல்களைச் சந்தேகிக்க நியாயம் பிறக்கிறது. வோல்ட்மீட்டர் ஒன்று போதும்: ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்ட வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் கவனிக்காமல் மேலே போகக் கூடாது.

அடுத்து எரிபொருள். ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் மூச்சு வாங்கி நின்றுபோய், கொஞ்ச நேரம் ஓய்ந்தபின் மறுபடி ஓடும் இன்ஜினை நினைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைக் கழற்றத் தோன்றும். அதற்கு முன் டேங்க் மூடியில் இருக்கும் சிறு காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உருவாகி ஓட்டம் நின்றுவிடும். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப் அடுத்த சாட்சி. ஓடும்போது அது சப்பிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் கெட்டிப்படாமல் தொளதொளவென்றிருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது அதன் வால்வு போய்விட்டது. இன்ஜின் தளரும் நேரத்தில் பல்ப்பை அமுக்கியதும் உயிர் வந்தால் கோளாறு எரிபொருளில்தான், பிளக்கில் இல்லை. இதற்கெல்லாம் செலவு ஏதுமில்லை.

பழைய இன்ஜின்களுக்கு இப்போது இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும். உறிஞ்சு குழாயின் முனையும் அங்கேதான் இருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில், கடற்கரையில், அரை டேங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் கிடக்கும் படகுக்கு இது வெறும் பாடநூல் ஆபத்தல்ல. எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப்போகலாம், பழைய படிவுகள் கரைந்து வந்து ஃபில்டரை அடைக்கலாம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தால் பிரிவது கண்ணுக்கே தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் கலவையும் இதே இடத்தில் சரிபார்க்க வேண்டியது. பெட்ரோலில் ஓடும் பல அவுட்போர்டுகளுக்கு 50 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற விகிதம். மண்ணெண்ணெயில் ஓடும் வகைக்குக் கையேடு சொல்லும் விகிதம் வேறு. கைக்கணக்காக ஊற்றுவதில் போவது பிஸ்டன்.

குளிர்விப்பில் நம் கரை இன்னும் கடுமையானது. அவுட்போர்டு இன்ஜின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு ரப்பர் இம்பெல்லர். அலை உடையும் இடத்தில் நீரில் மணல் மிதந்துகொண்டே இருக்கும், அது இம்பெல்லரின் இறக்கைகளையும் அதன் உறையையும் அரம் போட்டதுபோல் தேய்க்கும். வடகிழக்குப் பருவமழையில் அடையாறு திறந்துகொண்டதும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கடலுக்கு வந்து நீர்வாயை அடைக்கும். இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாரை நின்றால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்; ஆனால் அந்தச் சிறு துளையிலேயே உப்பு அடைத்திருக்கலாம் என்பதால் மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பைக் கழற்ற வேண்டும். குறைந்த வேகத்தில் சரியாக இருந்து முழு வேகத்தில் மட்டும் சூடேறினால் தேய்ந்த இம்பெல்லரோ உள்வழிகளில் படிந்த உப்போ காரணமாக இருக்கும். கடல்நீர் சூடாகச் சூடாக அதிலுள்ள தாதுக்கள் படியத் தொடங்கும் என்பதால்தான், காரைவிடக் குறைந்த வெப்பத்தில், ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை இதில் வைக்கிறார்கள். அது பிடித்துக்கொண்டு மூடியே கிடந்தாலும் சூடேறும்.

இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் இன்ஜினின் உள்ளே போக உரிமை வருகிறது, அங்கேயும் பிரிக்காமலே கேட்கக்கூடிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கியர் ஆயில்: படகு ஓர் இரவு அசையாமல் இருந்தபின் காலின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தினால், தண்ணீர் புகுந்திருந்தால் அது கனமென்பதால் முதலில் தண்ணீரே சொட்டும்; கலங்கிக் காபி நிறத்தில் வந்தாலும் சீல் போய்விட்டது என்றே பொருள். மினுமினுக்கும் உலோகத் துகள் வந்தால் கியர் தேய்கிறது. இரண்டு, பிளக்: வெளிர் பழுப்பு நல்லது, ஈரமான கறுப்பு என்றால் எரிபொருளோ ஆயிலோ மிகுதி, வெளுத்துப்போனால் சூடு மிகுதி, நீர்த்துளி தெரிந்தால் கேஸ்கட்டைக் கவனிக்க வேண்டும். மூன்று, கம்ப்ரஷன்: சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்ஜின் உள்ளே நோய் இருக்கிறது. இங்கே வந்தபிறகு பிரிப்பதைத் தடுக்க யாருக்கும் காரணமில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. முப்பது வருஷம் கடலில் இருந்தவருக்குச் சத்தத்திலேயே எல்லாம் தெரியும், மீட்டர் எதற்கு என்பார்கள். அந்தக் காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. திடீரென்று வரும் மாற்றத்தை அது எந்தக் கருவிக்கும் முன்னால் பிடித்துவிடும். ஆனால் பழைய படகின் நோய் திடீரென்று வருவதில்லை. பின்பலகையின் ஃபைபர் உறைக்குள் இருக்கும் பிளைவுட், இன்ஜின் போல்ட்டுகளின் துளை வழியாக ஆண்டுக்குக் கொஞ்சம் ஈரம் குடிக்கிறது. மிதப்புக்காக அடைத்த நுரையும் ஊறுகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கண்ணுக்குத் தெரியாமல் படகு ஓர் ஆள் எடை கூடிவிடும். சுழற்சி சீசனுக்குச் சீசன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது காது அதற்கே பழகிவிடுகிறது. மெதுவாக நடக்கும் சரிவைக் காட்டக்கூடியது எழுதி வைத்த எண் ஒன்றுதான். பின்பலகையைத் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் 'டங்' என்ற ஒலி ஓரிடத்தில் 'தொப்' என்று மாறும். இன்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பலகை வளையும். பலகை வளைந்தால் சாய்வுக் கோணமும் வளையும், எத்தனை முறை ட்ரிம்மைச் சரி செய்தாலும் நிற்காது.

இரண்டாவது மறுப்பு, வம்பே வேண்டாம், பெரிய இன்ஜினாக மாற்றிவிடலாம் என்பது. பழைய பிராண்டுகளுக்கு உதிரிபாகம் அருகிவருவதால் இது கவர்ச்சியாகவும் இருக்கிறது. 1909 முதல் விற்பனையில் இருந்த எவின்ரூட் அவுட்போர்டின் உற்பத்தியே 2020-இல் நின்றுவிட்டது. ஆனால் நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு வைக்கிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் வரும் நாட் கணக்கை ஒட்டித் தான் எழுப்பும் அலையிலேயே படகு சிக்கிக்கொள்கிறது. 22 அடி நீர்மட்ட நீளத்துக்கு அது 6.3 நாட், மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்ட வேண்டுமானால் படகு நீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். அதற்குத் தோதான அடிவடிவமும் குறைந்த எடையும் வேண்டும். அவை இல்லாத படகில் கூடுதல் குதிரைசக்தி பெரும்பாலும் பெரிய அலைகளாகவும் பெட்ரோல் செலவாகவும்தான் மாறும். அதைவிட முக்கியம், மட்கிய பின்பலகையும் ஊறிய நுரையும் பொருந்தாத புரொப்பல்லரும் புது இன்ஜின் வந்த பிறகும் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது: புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கார் ஸ்டார்ட்டரும் ஆல்டர்நேட்டரும் கிடைக்கும்போது, மரைன் பாகம் ஏன்? பெட்ரோல் இன்ஜின் படகின் உள்ளே இருக்கும் வகையில் இதற்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் கீழே இறங்கித் தெருவில் கலைந்துவிடும், படகில் அடித்தட்டில் தேங்கி நிற்கும். மரைன் ஸ்டார்ட்டரின் கூடுதல் விலை, தீப்பொறி வெளியே வராதபடி மூடிய அதன் உறைக்குத்தான். நான்காவதாக, இன்ஜினுக்குள் படியும் உப்பைக் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி மெட்ரோ லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் குப்பத்தில் நியாயமானது. ஆனால் சிறிய அவுட்போர்டின் காலை நீர்வாய் மூழ்கும்வரை ஒரு டிரம்மில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டினால், இருக்கிற நீரே சுற்றிச் சுற்றி வந்து உப்பைக் கரைக்கும். ஓடும் குழாயே தேவையில்லை.

புது இன்ஜின் வாங்க அரசு மானியம் கிடைக்கிறது. பழைய இன்ஜினில் என்ன கோளாறு என்று அறிந்துகொள்ள உதவி கிடைப்பது அரிது. ஒவ்வொரு குப்பத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு சுழற்சிமானி, ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பாதி ஓவர்ஹால்கள் தேவைப்படாமலே போகக்கூடும். அதற்காக ஒரு சங்கத்துக்கு மீன்வளத் துறை ஒதுக்க வேண்டிய தொகை ஓர் இன்ஜினின் மானியத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரையில் ஸ்டார்ட் செய்து காட்டுவதைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். பின்பலகையைத் தட்டுங்கள், கியர் ஆயிலைச் சொட்ட விட்டுப் பாருங்கள், கடலுக்குள் போய் முழு வேகத்தில் வரும் சுழற்சி எண்ணை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை ஓட்டத்துக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகு வேண்டாம்.